ஊசி வடிவச் சொல்

லாரி ஓட்டுநர் மயில்வாகனனின் வீங்கிய முழங்காலைத் திறந்து, சீழைக் கழுவ வேண்டும் என்று முடிவாகியிருந்தது. மூட்டிலிருந்து எடுத்த நீரைப் பரிசோதித்த சோதனைக்கூட ஊழியர் பிலோமினா, அறிக்கைத் தாளில் படிகங்கள் என்ற இடத்துக்கு நேரே ஆங்கிலத்தில் ஒரே சொல் எழுதியிருந்தாள்: அசிகுலர். அறுவை மருத்துவர் கதிரேசன் அந்தத் தாளோடு சோதனைக்கூடத்துக்கே இறங்கி வந்தார்.

“இது என்னம்மா வார்த்தை?”

“ஊசி மாதிரி இருக்கு சார். மெல்லிசா, ரெண்டு முனையும் கூரா. கிருமி எதுவும் தெரியல. யூரிக் அமிலப் படிகம், சீழ் இல்ல, கவுட் வாதம்னு நினைக்கிறேன்.”

“நீடில்னே எழுதியிருக்கலாமே?”

“எழுதினா, உடைஞ்ச ஊசி உள்ள கிடக்குன்னு காலைத் திறந்துடுவீங்க சார்.”

அவர் நுண்ணோக்கியில் குனிந்தார். வெள்ளணுக்களைத் துளைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஒளிக்கீற்றுகள் கிடந்தன. வெகுநேரம் அவர் தலை நிமிரவில்லை.

பிறகு அறுவை அரங்குக்குத் தொலைபேசினார். “அந்த முழங்கால் கேஸுக்கு மயக்க மருந்து வேண்டாம். வார்டுக்கு அனுப்புங்க. மாத்திரையே போதும்.”

நோயாளியின் கோப்பைப் பிரித்து, தான் எழுதியிருந்த அறுவைக் குறிப்பை அடித்தார். பேனா அங்கேயே நின்றது.

“எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க மேடம்,” என்றார்.

பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவர் அவளை அப்படி அழைத்தார்.