கலங்கிய ஆற்றில் பித்தளை

"பித்தளையா? ஒரு சால்மன்கூடத் திரும்பிப் பார்க்காது, அம்மணி," என்று ஊன்னியின் தூண்டிலில் இரைக்குப் பதிலாகத் தொங்கிய தகட்டைப் பார்த்துச் சிரித்தார் ஹால்வார். நாம்சன் ஆற்றங்கரை மீன்பிடிக் கழகத்துக்கு முப்பது வருடமாக அவர்தான் தலைவர். ஊன்னி சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது.

"மழையில ஆறு கலங்கியிருக்கு. இதுல வெள்ளி எடுபடாது. பித்தளைதான் மீன் கண்ணுக்குத் தெரியும்."

"நேத்து சேர்ந்த நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

ஊன்னி தூண்டிலை வீசினாள். மூன்றாவது வீச்சில் கோல் வில்லாக வளைந்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டிப் பதினோரு கிலோ சால்மனைக் கரையேற்றினாள். ஹால்வாரின் வெள்ளித் தகடு காலையிலிருந்து வெறுமனே நீந்திக்கொண்டிருந்தது.

மீன் வாயிலிருந்த பித்தளைத் தகட்டை அவர் கழற்றிக் கையில் எடைபார்த்தார்.

"நல்ல கனம். எந்தக் கடையில வாங்கின?"

"வாங்கல. நானே வெட்டித் தட்டினது. பின்பக்கம் பாருங்க."

திருப்பினார். தேய்ந்த எழுத்தில் 'பெண்களுக்கு' என்றிருந்தது. கழகக் கதவில் அவரே மாட்டிய பித்தளைப் பலகையின் துண்டு. விதி மாறியதும் போன மாதம் குப்பையில் எறிந்தவரும் அவரே.

"'அனுமதி இல்லை' வீட்டுல இருக்கு," என்றாள் ஊன்னி. "அதுல இன்னும் ரெண்டு தகடு வெட்டலாம்."