நாக்குப் பூட்டு

பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூக்களை ருசி பார்த்துத் தேர்ந்தெடுப்பது தணிகைவேலின் வேலை. அந்த நாக்கு கண்ட கண்ட குழம்பில் கெட்டுவிடக் கூடாதென்று, வேலை முடிந்ததும் கம்பெனி அதை மூக்கோடு சேர்த்துப் பூட்டிவிடும். ஒப்பந்தத்தில் அதற்குப் பெயர் ‘புலன் பாதுகாப்பு’.

நேற்று மனைவி ஊரில் இல்லை. குழந்தைக்குப் புகட்டுமுன் பாலை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் ருசியோ வாசனையோ தெரியாதது பழகிப்போயிருந்ததால், அப்படியே புகட்டிவிட்டான்.

பால் கெட்டிருந்தது என்கிறார் டாக்டர். டிரிப்ஸ் ஏறுகிறது. குழந்தை இன்னும் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே இரண்டு கிளாஸ் பீரோடு வந்துவிட்டார் மேனேஜர் சாலமன்.

“கஷ்டம்தான் தணிகை. ஆனா இன்னிக்கே முடிவு சொல்லணும். நாக்கைத் திறந்துவிட்டாச்சு. இந்த ஹாப்ஸ் மழைக்காட்டின் மௌனம். அது விடியலின் ஏக்கம். எதைப் போடலாம்?”

தணிகைவேல் பையிலிருந்து நேற்றைய பால் புட்டியை எடுத்து, மிச்சத்தை ஒரு வாய் குடித்தான். அப்புறம் இரண்டு கிளாஸையும் குடித்தான்.

“ரெண்டுமே புளிக்குது சார்.”

“புளிப்பா? பிரமாதம்பா, வேற யாருக்குமே இது பிடிபடல” என்று குறித்துக்கொண்ட சாலமன், நாக்கைப் பூட்டிவிட்டுப் போனார்.