பூட்டை உடைக்காத திருடன்

"பேட்ஜ் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் எழிலரசி, தன் கார் சாவியைத் தேடிக்கொண்டே.

பாலு கழுத்து நாடாவைத் தூக்கிக் காட்டினான்.

"அட, இன்னைக்கு வியாழக்கிழமையாச்சே. உங்களுக்கு வீட்லதானே வேலை?"

"மேனேஜர் நேர்ல வரச் சொல்லிட்டான். நம்ம பொண்ணு அனன்யாவுக்கு வேற ஸ்கூல் லீவு, அவ ஃப்ரெண்டோட அம்மா இங்க வந்து பாத்துக்கறேன்னிருக்காங்க. அவ வீட்ல இருந்தா நிம்மதியா ஒரு கால் பேச முடியுமா?"

"அது என்னவோ வாஸ்தவம்தான்," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். திங்கள் முதல் புதன் வரை பாலு ஆபீஸ் போவான், வியாழனும் வெள்ளியும் எழில் போவாள். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்காவில், இந்த பிளானோ ஊரில் பாதி வீடுகளில் இதுதான் நடைமுறை.

அவள் கார் பின்வாங்கித் திரும்பியபோது டயரெல்லாம் வெள்ளைப் புழுதி. காரைக் கழுவக்கூட நேரமில்லாமல் மாடாய் உழைக்கிறாளே என்று பாலுவுக்கு மனசு கேட்கவில்லை.

எப்படிக் கேட்கும்? அவனுக்கு வேலை போய் இரண்டு மாதமாகிறது. பேட்ஜைக் கம்பெனி பிடுங்கிக்கொண்டுவிட்டது, நாடாவில் திருப்பிப் போட்டுத் தொங்குவது லைப்ரரி கார்டு. கொஞ்ச காலம் சம்பளம் போட்டுவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பியதால் குட்டு இன்னும் வெளிப்படவில்லை. அது நிற்பதற்குள் வேறு வேலை கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டாலும் எழில் வேலை இருக்கிறது, அது ஒன்றுதான் அவன் ராத்திரி கண்ணை மூடக் காரணம்.

இப்போது அவன் போகிற ஆபீஸ், ஊருக்கு வெளியே ஸ்டோரேஜ் மைதானத்தில் நிற்கும், காரில் கட்டி இழுத்துப் போகிற அவர்களுடைய குட்டி ட்ரெய்லர் வீடு. ஊரெல்லாம் சுற்றப் போகிறோம் என்று ஆசையாக வாங்கி, இரண்டே இரண்டு முறை கேம்பிங் போய், கொசுக்கடி வாங்கித் திரும்பினார்கள். வீட்டு வாசலில் நிறுத்தக் கூடாது என்று குடியிருப்போர் அசோசியேஷன் கறாராகச் சொல்லிவிட்டது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாக மாதாமாதம் இடத்துக்கு வாடகை கட்டினார்கள்.

இப்போது அந்த யானைதான் சோறு போட வேண்டும். கூரையில் சோலார் பேனல், உள்ளே பேட்டரி, ஒரு ஃபேன், மடக்கு மேசை எல்லாம் கேம்பிங்குக்கு வாங்கியவை. நாற்காலிக்குப் பின்னால் ஒரு நீலப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டால் போதும், கேமராவுக்கு அது ஆபீஸ்.

எல்லாம் சரி, கொஞ்ச நாளாக அங்கே ஒரு திருடன் வருகிறான். திங்கட்கிழமை போய்த் திறந்தால் தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறது, பேட்டரி இறங்கியிருக்கிறது. போன வாரம் முறுக்கு டப்பாவும் பாதி காலி. பூட்டு மட்டும் உடையவில்லை. இந்த வண்டிகளில் ஒருத்தர் சாவி இன்னொருத்தர் கதவையும் திறக்கும் என்று யாரோ யூடியூபில் சொன்னது பாலுவின் நினைவுக்கு வந்தது.

புகார் கொடுக்கவும் வழியில்லை. இடம் எழில் பேரில் இருக்கிறது, மெயில் அவளுக்குத்தான் போகும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தான்.

இன்றைக்கு அப்படி விட முடியாது. நாலு ரவுண்டு தாண்டி இன்றுதான் கடைசி இன்டர்வியூ. பேசும்போது எவனாவது கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றால் எல்லாம் போச்சு.

காரை கேட் அருகிலேயே விட்டுவிட்டு நடந்தான். மைதானம் முழுக்க வெள்ளைச் சரளை, காலெல்லாம் புழுதி ஏறியது. தினமும் வீட்டுக்குள் நுழையுமுன் ஷூவைத் துடைப்பதே அவனுக்கு ஒரு உத்தியோகமாகிவிட்டது.

பஸ் அளவுக்கு நின்ற பக்கத்து வண்டியைச் சுற்றி வந்ததும் கால் தயங்கியது. அவன் ட்ரெய்லருக்குள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

வந்துவிட்டான் திருடன். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை உருவி எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவைத் தட்டினான். ஃபேன் நின்றது. உள்ளே ஏதோ உருண்டது.

கதவு படாரென்று திறந்தது. ஓங்கிய தோசைக் கரண்டியோடு எழில் நின்றாள்.

ஓங்கிய கட்டையோடு பாலு நின்றான்.

அவள் பார்வை அவன் லேப்டாப் பையில் விழுந்தது, அயர்ன் பண்ணிய சட்டையில் விழுந்தது, கடைசியில் கழுத்து நாடாவுக்கு வந்தது. நடந்த வேகத்தில் லைப்ரரி கார்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

திருடனைப் பிடிக்க வந்தவன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். எப்படியோ மோப்பம் பிடித்து, ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, காரை ட்ரெய்லருக்குப் பின்னால் ஒளித்துவிட்டுக் காத்திருக்கிறாள் என்று நினைத்தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"எழில், நானே சொல்லிடறேன். கோவப்படாம கேளு," என்றான். "எனக்கு வேலை போயிடுச்சு. ரெண்டு மாசமாச்சு. ஆபீஸ் நாள்ல எல்லாம் இங்க வந்துதான் உக்காந்திருக்கேன். உன் வேலை இருக்குங்கற தைரியத்துல உங்கிட்ட சொல்லாம இருந்துட்டேன்."

கரண்டி தாழ்ந்தது. அவள் அப்படியே ட்ரெய்லர் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் நீல விரிப்பு தொங்கியது, மடக்கு மேசையில் அவள் லேப்டாப் திறந்திருந்தது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்குமா?"