கூர் மேலே

கொரட்டூர் ரயில் நிலையத்துக்கு வெளியே, சுவர் நெடுக எழுத்தே இல்லாத சினிமா போஸ்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சிவப்பு முக்கோணம். ஈரப் பசையில் காலை வெயில் பளபளக்கிறது. பிரசவத்துக்குப் போன இடத்தில், கேட்காமலே கருத்தடை செய்யப்பட்ட ஒருத்தியின் கதை அந்தப் படம். அதனால்தான் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம் போலவே, கூர் கீழே பார்க்கும்படி காவ்யா வரைந்திருந்தாள். இங்கே எல்லாக் கூர்களும் வானத்தைப் பார்க்கின்றன.

“தலைகீழா ஒட்டியிருக்கீங்கண்ணா.” அவள் சுவரைக் காட்டுகிறாள். போஸ்டர் ஒட்டும் கோதண்டம் பிரஷ்ஷை வாளி விளிம்பில் நிதானமாக வழிக்கிறார். “தெரிஞ்சிதாம்மா திருப்புனேன். அப்டியே ஒட்னா ஆஸ்பத்திரி விளம்பரம்னு நெனச்சிக்குவாங்க. எவன் படத்துக்கு வருவான்?” “என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” “இதுல கேக்கறதுக்கு இன்னா கீது? உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்.”

படத்தில் டாக்டர் பேசுவதும் இதே இரண்டு வரிதான். மின்சார ரயில் ஒன்று கடந்து போகிறது. காவ்யா சுவரை நெருங்குகிறாள். முதல் முக்கோணத்தின் உச்சியில் நகத்தைக் கொடுத்துக் கீழே வரை இழுக்கிறாள். ஈரத்தாள் சத்தமில்லாமல் கிழிகிறது. சிவப்பு, விரலிடுக்கில் வழிகிறது. “இன்னாம்மா பண்றே, ஒரு வார்த்த கேக்காம?” என்கிறார் கோதண்டம். அவள் அடுத்ததற்கு நகர்கிறாள்.