மூன்று நிமிடம் பிந்தி

"அண்ணை, நவமணிக்கும் பிந்தல் போட்டிட்டியளோ?"

பாலேஸ்வரி கேட்டதற்குச் செயலாளர் சீவரத்தினம் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வரவுப் புத்தகத்தில் எழுதி முடித்துப் பேனையை மூடினார்.

"ஆறரைக்கு மைக்குக்கு முன்னாலை இருக்கவேணும். இருந்தது ஆறு முப்பத்துமூண்டுக்கு. மூண்டு நிமிசம், பிள்ளை."

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அந்தச் சனசமூக நிலையத்தின் ஒலிபெருக்கியை ஊரார் 'எங்கடை ரேடியோ' என்பார்கள். போரால் மின்சாரம் நின்று மூன்று வருடம். சைக்கிள் டைனமோவால் ஏற்றிய பற்றரி பதினைந்து நிமிடம்தான் தாங்கும். சங்கக்கடையில் மண்ணெண்ணெய் எப்போது, தவறிய அடையாள அட்டை யாரிடம், எல்லாம் அதற்குள் சொல்லியாக வேண்டும். ஆகவே ஒரு சட்டம்: வாசிப்பவர் மூன்று முறை பிந்தினால் பெயர் நீக்கம்.

திங்கட்கிழமை வாசிப்பு நவமணியுடையது. இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலும் போனவள். சரியாக ஆறரைக்கு அவளுடைய சில்லு நாற்காலி வாசலில் வந்து நிற்கும். பிறகு மூன்று படிகளிலும் கையை ஊன்றி, ஒவ்வொன்றிலும் அமர்ந்து அமர்ந்து ஏறுவாள்.

"தூக்கி விடட்டோ?" என்று சைக்கிள் மிதிக்கும் தச்சுவேலை அடைக்கலநாதன் ஒருநாள் கேட்டார்.

"நானென்ன அரிசி மூட்டையோ? விடுங்கோ, வாறன்."

"அஞ்சு நிமிசம் முந்தி வந்தாலென்ன, நவமணி?" என்று பாலேஸ்வரியும் கேட்டிருக்கிறாள்.

"மற்றவை ஆறரைக்குத்தானே வருகினம், அக்கா? நானும் ஆறரைக்குத்தான் வருவன்."

இன்று மூன்றாவது பிந்தல்.

"அப்ப இனிப் பேரை வெட்டுவியள்?"

"சட்டப்படி நடக்கும்."

பாலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெல்லிப்பழையிலையிருந்து இடம்பெயர்ந்து வந்த எனக்கு வாசிக்க இடம் தந்தியள். ஊர்ப் பிள்ளைக்கு இடமில்லையோ? உங்கடை நெஞ்சுக்குள்ளை இருக்கிறது மணிக்கூடோ?"

சீவரத்தினம் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

வெளியே வந்து அவள் நவமணியின் கையைப் பிடித்தாள். "நீ கவலைப்படாதை. வீட்டிலை இருந்து எழுதித் தா. உனக்குப் பதிலா நான் வாசிக்கிறன்."

"வாதம் காலுக்குத்தான், அக்கா. குரலுக்கில்லை."

அடுத்த திங்கள், நவமணியின் இடத்தை நிரப்பப் பாலேஸ்வரி புறப்பட்டாள். ஒழுங்கையில் திரும்பும்போதே பனைமர உச்சியில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து குரல் வந்தது.

"வணக்கம். நேரம் ஆறரை. வாசிப்பது நவமணி."

ஓட்டமும் நடையுமாக வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். படிகளைக் காணவில்லை. உடைத்த கல்லையும் களிமண்ணையும் இடித்து இறுக்கி, மேலே பனம்பலகை அடித்துச் சரிவு ஒன்று கட்டியிருந்தது. உள்ளே, நாற்காலியில் இருந்தபடியே நவமணி வாசித்துக்கொண்டிருந்தாள்.

சீவரத்தினம் மூலையில் இருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் துணிக்கட்டு. பக்கத்தில் கல் பெயர்க்கும் அலவாங்கு.

"உம்மடை முறை நாளைக்கெல்லோ, பிள்ளை?" என்றார்.

அவள் மேசையில் கிடந்த வரவுப் புத்தகத்தை விரித்தாள். மூன்று திங்கட்கிழமைக்கும் ஒரே குறிப்பு: 'நவமணி, மூன்று நிமிடம் பிந்தி. காரணம்: படி.'

கீழே நிலையத்துக் கொமிற்றிக்காரரின் கையெழுத்துகள். அவற்றுக்கு மேல் ஒரு வரி: 'மூன்று முறை பிந்த வைத்தமையால் படி நீக்கப்படுகிறது.'

அடைக்கலநாதன் சைக்கிளை மிதித்துக்கொண்டே குனிந்து கிசுகிசுத்தார். "படியை எடுக்கச் சொல்லிச் செயலாளர் ரெண்டு வருசமாக் கேட்டவர். உபயமாக் கட்டின படிக்கல்லிலை கை வைக்கக்கூடாதெண்டு கொமிற்றி நிண்டது. கண்ணாலை கண்டதை நம்பேல்லை, எழுத்திலை கொண்டாவெண்டது. கொண்டு போனார். உடைக்க ஒருத்தரும் வரேல்லை. தனியத்தான் உடைச்சவர்."

பாலேஸ்வரி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். சரிவின் அடியில், சில்லு முதலில் ஏறும் இடத்தில், எழுத்து வெட்டிய ஒரு கல் பதிந்திருந்தது. 'உபயம்: நமசிவாயம், 1961.' அதன்மேல் ஈரச் சில்லுத் தடம்.

"ஆர் அண்ணை உந்த நமசிவாயம்?"

அடைக்கலநாதன் மூலையில் இருந்தவரைக் கண்ணால் காட்டினார்.

"அவரைப் பெத்த ஐயா."