கோகிலவாணி பேருக்கு ஒரு பில்

"பில்லு போன்லயே வந்துரும்ங்க, பேப்பர வுட்ருங்க," என்றாள் கள்ளக்குறிச்சி செல்போன் ஆபீஸ் பாத்திமா.

"எனக்குப் பேப்பர்தாங்க வேணும். என் சம்சாரம் கோகிலவாணி பேர்ல, வடக்கனந்தல்ல எங்கப்பா வூட்டுக்கு அனுப்புங்க," என்றான் லாரன்ஸ்.

"அங்கயா இருக்கீங்க?"

"சர்ச்சுல கட்டாம கோயில்ல தாலி கட்டிட்டேன்னு அப்பா தொரத்திட்டாரு. எங்களத்தான் சேக்கல, அவ பேராவது வூட்டுக்குள்ள போவட்டும்."

பாத்திமா சிரித்துக்கொண்டே பேப்பருக்கு மாற்றினாள்.

மறுமாதம் அவன் அப்பா சிங்கராயரே பில்லோடு வந்து நின்றார். "இனிமே இத என் வூட்டுக்கு அனுப்பாதம்மா."

பாத்திமாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "ஏங்கய்யா?"

"'கோகிலவாணி யாரு'ன்னு போஸ்ட்மேன் தெருவுக்கே கேக்கறாப்ல கேட்டான். என் மருமவதான்னு வாயில வந்துட்டுது. சொன்னப்புறம் மாத்திப் பேச முடியுமா? ஞாயித்துக்கெழம போயி ரெண்டு பேரையும் கூட்டியாரப் போறேன். பொண்ணே வந்தப்புறம் பேப்பரு எதுக்கு?"