வெங்காயப் பலகைச் சுக்கான்

“சத்தியமா சொல்றேன் ஜனெல், இதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. இந்தக் கயாக் தானா வீடு திரும்பும். நான் தூங்கிட்டாலும் திரும்பும்.”

க்ளோவிஸ் வலது கையை நெஞ்சில் வைத்து, மாதாகோவிலில் முதல் வரிசைக்காரர் முகத்தோடு சொன்னார். வயது எழுபத்தெட்டு.

மகள் ஜனெல் பேட்டன் ரூஜிலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி, லூசியானாவின் இந்தக் கடைக்கோடிக் கரைக்கு வந்தது கதை கேட்க அல்ல. தூண்கள் மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில் கிடந்த அந்த ஒற்றையாள் மீன்பிடிப் படகைத் தன் பிக்கப் வண்டியில் கட்டி எடுத்துப் போகத்தான்.

“போன அக்டோபர்ல என்ன ஆச்சு? நடுத்தண்ணியில மயங்கிட்டீங்க. ஏழு மணி நேரம்! எறால் படகுக்காரங்க பார்க்கலேன்னா மெக்சிகோவுல போய் நின்னிருப்பீங்க.”

“அங்கயும் மீன் இருக்கு.”

“அப்பா!”

“அது அப்போ கண்ணு. இப்ப என்னென்ன பண்ணியிருக்கேன் பாரு.”

பார்த்தாள். இருக்கைக்குப் பின்னால் ஒரு பால் கிரேட். அதில் தூண்டில்களைச் செருக நான்கு பி.வி.சி. குழாய்கள். இரண்டு பக்கமும் கவிழாமல் இருக்கக் குழந்தைகள் நீச்சலுக்குப் பிடித்துக்கொள்ளும் நுரைக் குழாய். நங்கூரக் கயிறுக்குத் துணி காயப்போடும் கொடியின் கப்பி. இனி ஓட்டை போட இடமில்லை என்கிற அளவுக்கு டிரில் ஓடியிருந்தது. வால் பக்கத்தில், கீல் வைத்து, சுக்கானாக ஒரு வெள்ளைப் பலகை.

“இது அம்மாவோட வெங்காயப் பலகைதானே?”

“அதேதான். முப்பது வருஷம் அந்த அடுப்படியில கெடந்தது. வெங்காயமும் குடமிளகாயும் ஊறிப்போன ஒடம்பு. தண்ணியில எறக்கிட்டா வீட்டு வாசனை எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியும். திரும்பிடும். உங்கம்மா கம்போ சூப்பு காய்ச்சுற நாள்ல கொஞ்சம் வேகமாவே வரும்.”

“அந்தப் பலகைக்கு இருக்கிற வீட்டு நெனப்பு இந்த மனுஷனுக்கு இருந்திருந்தா, எனக்குப் பாதி முடி கறுப்பாவே இருந்திருக்கும்” என்றாள் அம்மா வெர்னா. தன் தூண்டிலை எடுத்துக்கொண்டு படகுத்துறையின் நுனிக்கு நடந்தாள். ஐம்பது வருடம் மீன் நாற்றமே ஆகாது என்றிருந்தவள், அக்டோபருக்குப் பிறகுதான் தூண்டில் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். இன்றுவரை ஒரு கெளுத்திகூட மாட்டவில்லையாம்.

“சரி, காட்டுங்க” என்றாள் ஜனெல். “தானா வந்தா இங்கயே இருக்கட்டும். வரலேன்னா வண்டியில ஏத்திடுவேன். அழக் கூடாது.”

“நான் எதுக்கு அழப்போறேன்?” என்றவர், கயாக்கின் விளிம்பைத் தடவினார். “இது இல்லேன்னா காலையில எதுக்கு எந்திரிக்கிறதுன்னுதான் தெரியல.”

ஜனெல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

க்ளோவிஸ் துறை நுனியில் கயாக்கில் இறங்கினார். வெர்னா குனிந்து அதன் வாலைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். தண்ணீரில் நட்டிருந்த மூன்றாவது கம்பத்தைத் தாண்டியதும் அவர் துடுப்பை உள்ளே வைத்தார். தொப்பியை முகத்தில் கவிழ்த்தார். கைகளை வயிற்றில் கோத்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

கரைக்காற்று அவரை வெளியே தள்ளியது. நூறு கஜம். இருநூறு கஜம்.

“அம்மா, போறாரும்மா!”

“கத்தாதடி, மீன் கலைஞ்சிடும்.”

கயாக் நின்றது. ஒரு தரம் சிலிர்த்தது. பிறகு காற்றை எதிர்த்து, வால் முன்னும் தலை பின்னுமாக, மெல்ல மெல்லக் கரையை நோக்கி வரத் தொடங்கியது. கம்பத்தின் மேலிருந்த கூழைக்கடா ஒன்று கழுத்தை வளைத்துப் பார்த்தது. ஜனெலும் வாய் பிளந்து அப்படித்தான் நின்றாள்.

துறையின் ஏணியில் வந்து இடித்ததும் க்ளோவிஸ் தொப்பியை எடுத்துக் கொட்டாவி விட்டார்.

“ஏன்ப்பா பின்பக்கமா வருது?”

“மூக்கு பின்பக்கம்தானே மாட்டியிருக்கேன்?”

“சரி, இங்கயே இருக்கட்டும்” என்றாள் ஜனெல். அவர் வாய் காதுவரை போனது. கருவிப்பெட்டியை எடுக்க வீட்டுப் பக்கம் விசிலடித்தபடி போனார்.

கயாக்கைக் கட்டக் குனிந்தபோது ஜனெலின் கை அந்தப் பலகையில் பட்டது. பலகை காய்ந்திருந்தது. மடக்கியது மடக்கியபடி, தண்ணீரில் இறங்கவே இல்லை. அதன் கீழே ஒரு வளையம். வளையத்தில் ஒரு கொக்கி. கொக்கியிலிருந்து புறப்பட்ட பச்சை நைலான் நரம்பு ஒன்று, நேராக அம்மாவின் தூண்டிலில் போய் முடிந்தது.

“உஷ்!” வெர்னா அவசரமாகக் கொக்கியைக் கழற்றினாள். ரீல் சுற்றிய உள்ளங்கை சிவந்து கிடந்தது. “உங்கப்பாகிட்ட மூச்சு விடாத. அந்தப் பலகையத்தான் நம்பிட்டிருக்காரு. தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும்.”

“ஏழு மாசமாவாம்மா?”

“ஒரே மீன்தான்டி. தெனம் அதையேதான் பிடிக்கிறேன்.” கையை உதறிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

க்ளோவிஸ் ஸ்பேனரோடு வந்து கயாக்கின் வால் பக்கம் மண்டியிட்டார். வெர்னா உள்ளே போய்விட்டாளா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அந்த வளையத்தின் திருகை முறுக்கத் தொடங்கினார்.

“அதை எதுக்குப்பா முறுக்குறீங்க?”

“மொதல்ல பிளாஸ்டிக் வளையம்தான் இருந்துச்சு. மார்ச்சுல எடுத்துட்டு எஃகு போட்டேன்” என்றார் க்ளோவிஸ், குரலைத் தாழ்த்தி. “உங்கம்மா இழுக்கிற இழுப்புக்குப் பிளாஸ்டிக் தாங்காது.”